சம்பந்தி தனிக்குடித்தனம் போன கதை

நேற்று மருமகள் டெக்சஸிலிருந்து திரும்பினாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பையைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருக்கும். தாராபுரத்துப் பாத்திரக் கடையில் வாங்கி, நான் அமெரிக்கா வந்தபோது புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதில் கல் உப்பை நிரப்பி என் சம்பந்திக்குக் கொடுத்தேன். அதற்கப்புறம் எத்தனை தடவை அவரிடம் போனதோ அத்தனை தடவையும் நிறைந்தே திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்று என் மகன் எப்போதோ சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை எலுமிச்சம்பழம் வந்தது. ஒரு தடவை கிடார் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லைகள் ஏழெட்டு. இன்னொரு தடவை கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல், மணலோடு. நேற்று திறந்தால் உள்ளே வெண்டைக்காய். விரல் நீளத்துக்குப் பிஞ்சாகப் பார்த்து அடுக்கியிருந்தது. "அப்பா ஷோ வந்த பீப்பிள் குடுத்தாங்க, அத்தே. டெக்சஸ்ல நெறைய இருக்கு" என்றாள் மருமகள். எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

என் சம்பந்தி வெள்ளைக்காரர். இங்கே நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர். ராக் என்கிறார்களே, கிடாரும் டிரம்மும் வைத்துச் சத்தமாகப் பாடுவது, அதில் பெரிய பெயர் வாங்கியவர். நாலு பேர் சேர்ந்த ஒரு குழு. முப்பது வருஷம் அதில் இவர்தான் முன்னால் நின்று பாடினார். என் மகன் பிஸ்கட்டவேயில் படிக்கும்போது அவர் மகளோடு பழகி, இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஊருக்குப் போன் பண்ணினான். "பொண்ணோட அப்பா என்ன பண்றாரு கண்ணு?" என்று கேட்டேன். "பேண்டுல பாடறாரும்மா" என்றான். எங்கள் பக்கத்தில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்துக்கு வருகிற பேண்டு செட்டுதான். சிவப்புக் கோட்டுப் போட்டு ஊதுகுழலும் பெரிய மேளமுமாக வருவார்கள். போனால் போகிறது, உழைத்துச் சாப்பிடுகிற மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். "அப்போ நம்ம கல்யாணத்துக்கு சம்பந்தியே வாசிச்சுக்குவாரா, இல்ல நாம தனியாச் சொல்லணுமா?" என்று கேட்டதற்கு மகன் அந்தப் பக்கம் இருமிக்கொண்டே இருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தானாம்.

கல்யாணத்துக்கு எங்கள் ஊருக்கு வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். தோள் வரைக்கும் நரைத்த முடி, இரண்டு கையிலும் வெள்ளி வளையம், பட்டு வேட்டியை இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. சம்பந்தி வீட்டு ஆண்களுக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவது எங்கள் பக்கத்தில் பழக்கமும் இல்லை. கதவோரம் நின்று "வாங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னேன். அவர் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். "வாங்க சம்பந்தி!" சம்பந்தி என்பது என் பெயர் என்று ஒரு வருஷம் நினைத்திருந்தாராம். அவரையும் நான் அப்படியே கூப்பிடுகிறேனே என்று கேட்டதற்கு, இந்த நாட்டில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்களே, அதுபோல என்று விட்டுவிட்டாராம். இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குள் வேறு பெயர் கிடையாது.

என் வீட்டுக்காரர் தவறின பிறகு மகனோடு வந்து இருந்துவிட்டேன். வந்த முதல் வாரம் காரில் போகும்போது மகன் ஒரு பாட்டைப் போட்டான். "இதுதாம்மா அவங்க பேண்டோட ஃபேமஸ் சாங். இது தெரியாத ஆளே இங்க இல்ல" என்றான். டிரம்மும் கிடாரும் காதை அடைத்தன. சம்பந்தி அடித்தொண்டையிலிருந்து என்னென்னவோ பாடினார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் பல்லவி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தெள்ளத்தெளிவாக, திரும்பத் திரும்ப, உருகி உருகி அவர் பாடினது "வெண்டைக்காய்! வெண்டைக்காய்!" எனக்கு ஒரே ஆச்சரியம். நம் பாட்டுகளில் கத்திரிக்காயும் மாங்காயும் வரவில்லையா, இவர்களுக்கு வெண்டைக்காய் என்று தீர்மானித்துக்கொண்டேன். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே யாரோ அவருக்குத் தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. மகனிடம் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி விருந்து. வாய் திறந்து ஒருவரைப் பாராட்ட எனக்கு வராது. சமைத்துத்தான் சொல்ல வரும். இந்தியக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கி வந்து, துணியால் துடைத்து, பொரியல், புளிக்குழம்பு, தயிர்ப்பச்சடி என்று மூன்றும் வெண்டைக்காயிலேயே செய்தேன். மனுஷர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலில் வெண்டைக்காயை எடுத்து மளமளவென்று சாப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். எத்தனை ஆசை பாருங்கள், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதையே முடிக்கிறாரே என்று இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன். அதையும் முடித்தார். அன்றிலிருந்து ஏழு வருஷம், அவர் எப்போது வந்தாலும் வெண்டைக்காய் இல்லாமல் இலை போட்டதில்லை. பனிக்காலத்தில் பிஞ்சு கிடைக்காதபோது ஃப்ரீசரில் வெட்டி வைத்ததையாவது வதக்கினேன்.

அப்புறம் ஒரு நாள் மகன் வேலையிலிருந்து வந்து சோபாவில் விழுந்தான். "அவரு பேண்டை விட்டுட்டாரும்மா. இனிமே சோலோ" என்றான்.

"சோலோன்னா?"

"தனியாப் போறதும்மா. இவரு புதுசா பாட்டு எழுதி வச்சிருக்காரு. அவங்க மூணு பேரும் பழைய பாட்டே போதும்ங்கறாங்க. சண்டை வந்து பிரிஞ்சுட்டாங்க."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நாலு அண்ணன் தம்பி ஒரே உலையில் பொங்கித் தின்றுவிட்டு, ஒருவன் மட்டும் தனிக்குடித்தனம் போகிறான். "பாகம் எப்படிப் பிரிச்சாங்க?" என்று கேட்டேன். மகன் யோசித்துவிட்டு, "பேண்டோட பேரு அவங்களுக்கு. அந்த ஃபேமஸ் பாட்டும் அவங்க பக்கம்னு வச்சுக்குங்க. அதை எழுதினது கிடார்க்காரரு. இனிமே அதைத் தொடமாட்டேன்னு இவரு சபதமே போட்டுட்டாரு" என்றான். அறுபத்திரண்டு வயசில் வெறுங்கையோடு பிரிந்து வந்திருக்கிறார் மனுஷர். அவர் மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஓர் அப்பார்ட்மெண்டில் தனியாக இருந்தார். அங்கே சத்தமாகப் பாட முடியாது என்று எங்கள் கராஜில் பாட இடம் கேட்டிருந்தார்.

தனிக்குடித்தனம் போகிறவருக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். சனிக்கிழமை காலையில் அவர் பெட்டிகளோடும் வயர்களோடும் வந்து இறங்குவதற்கு முன் கராஜைக் கூட்டிக் கோலம் போட்டேன். மின்சார அடுப்பைக் கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சினேன். பால் பொங்கும்போது அவர் பதறிப்போய் அணைக்கப் பாய்ந்தார். மகன் கையைப் பிடித்து நிறுத்தி, பொங்கத்தான் வேண்டும் என்று விளக்கினான். அந்த எவர்சில்வர் டப்பாவில் கல் உப்பும் மேலே ஒரு மஞ்சள் துண்டும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அதைத் தன் ஒலிபெருக்கியின் தலையில் வைத்தார். கராஜில் எதிரொலி அடிக்கிறது என்று முதல் நாளே குறைப்பட்டார். அங்கே அரிசி மூட்டைகள் ஐந்தாறு இருந்தன. அவற்றைத் தூக்கிச் சுற்றி அடுக்கிப் பார்த்தார். சத்தம் அடங்கி மெத்தென்று ஆகிவிட்டது. அப்புறம் எந்த மூட்டையையும் சமையலுக்குப் பிரிக்க விடவில்லை. "நோ, நோ சம்பந்தி! சவுண்டு! சவுண்டு!" என்பார். சமையலுக்கு அரிசி தனியாக வாங்கினோம்.

சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அவர் பாடும்போது அதை ஒருச்சாய்த்து வைத்துவிட்டு நான் காய் நறுக்குவேன். எதிரில் போய் உட்கார்ந்து கேட்க எனக்குக் கால் வராது. பாட்டும் புரியாது. ஆனால் சில பாட்டுகளில் குரலைக் கீழே இறக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடுவார். அப்போது என்னையறியாமல் கை நின்றுவிடும். ஒரு நாள் மருமகள் சொன்னாள். "அத்தே, உங்க நைஃப் சவுண்ட் நின்னா, அப்பா அந்தப் பாட்டு கீப் பண்றாங்க. நிக்கல, தூக்கிப் போடறாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய பாடகருக்கு நான் நல்லது கெட்டது சொல்வதா? மறுநாள் வேண்டுமென்றே நிறுத்தாமல் நறுக்கினேன். நாலு பாட்டு பாடிப் பார்த்துவிட்டு அவர் கதவு வழியாக எட்டி, "சம்பந்தி?" என்று பாவமாகக் கேட்டார். அதற்கப்புறம் கையை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். வெண்டைக்காயை நிறுத்தினேன். பாகம் பிரித்ததில் அந்தப் பாட்டு மற்ற மூன்று பேருக்குப் போய்விட்டது. இப்போது போய் இலையில் வெண்டைக்காயைப் போட்டால் ரணத்தில் கை வைக்கிற மாதிரி ஆகுமே என்று, அவர் வருகிற நாளெல்லாம் அவரைக்காய் செய்தேன். தேங்காய் தூவி, கொஞ்சம் பருப்புச் சேர்த்து. அவர் தட்டைக் காலி செய்துவிட்டுப் போவார்.

தனிக் கச்சேரிகள் ஆரம்பித்தன. ஆரம்பித்த விதம் சரியில்லை. முதல் இரண்டுக்கும் முப்பது நாற்பது பேர் வந்தார்கள். இரண்டு புதுப்பாட்டுக் கேட்டுவிட்டு அந்தப் பழைய பாட்டைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். இவர் அது என்னுடையதில்லை என்றார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மூன்றாவது பார்சிப்பனி பக்கத்தில் ஒரு காபிக் கடையில் நடந்தது. அதற்கு வந்தது பதினொரு பேர். அதில் நாங்கள் மூன்று பேர். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய தீயணைப்பு நிலைய மண்டபத்தில். அதுவும் இப்படிப் போனால் கிடாரை மூட்டை கட்டிவிடப் போகிறார் என்று மகன் என்னிடம் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கை சொன்னதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தார். சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் முகம் மாறிவிட்டது. மகன் என் பக்கம் திரும்பினான்.

"ம்மா, நீங்க அவரு மேல கோவமான்னு கேக்கறாரு."

"எனக்கென்னப்பா கோவம்?"

"அப்புறம் ஏன் வெண்டைக்காய் போடறதில்லையாம்? நாலு மாசமாப் பாக்கறாராம். பேண்டுல இருந்த வரைக்கும் போட்டீங்களாம், விட்டதும் நிறுத்திட்டீங்களாம். சம்பந்தின்னா வெண்டைக்காய் போடறதுதானே உங்க ஊர் மரியாதை, உங்களுக்குமா நான் ஒண்ணுமில்லாம போயிட்டேன்னு கேக்கறாரும்மா."

"ஐயோ, அது அவரு பாகத்துல வரலைன்னு நீதானே சொன்னே."

"எது வரல?"

"வெண்டைக்காய்ப் பாட்டு."

"எந்த வெண்டைக்காய்ப் பாட்டு?"

"அதான், அவங்க எல்லாரும் சேந்து பாடுவாங்களே."

"பாடிக் காட்டுங்க."

பிறந்ததிலிருந்து ஆண்பிள்ளைகள் எதிரில் நான் பாடினதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, குரல் வெளியே வந்தும் வராமல், "வெண்டைக்காய்... வெண்டைக்காய்..." என்றேன். மெட்டு சரியாகத்தான் வந்தது. மகன் திறந்த வாயை மூடவில்லை. மருமகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சம்பந்திக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டுச் சொன்னார். "வென்... தே... க்ரை?"

"ம்மா, அது இங்கிலீஷ்ம்மா! அவங்க அழறப்போன்னு அர்த்தம்! வெண்டைக்காய் இல்லம்மா!" என்று மகன் நாற்காலியிலிருந்து சரிந்தான்.

நான் எழுந்து சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஏழு வருஷம்! அழுகிற பாட்டுக்குப் பொரியலும் பச்சடியும்! வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒரு சிரிப்பு குக்கர் விசில் மாதிரி ஏறி ஏறி வந்தது. அது அவருடையது. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நான் வழக்கமாக நிற்கிற மாதிரி கதவோரமாக நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார். பின்னாலிருந்து மகன் சொன்னான். "முப்பது வருஷமா இதைக் கேட்டு ஜனங்க அழுதிருக்காங்களாம், ஆடியிருக்காங்களாம், கையில பச்சையே குத்தியிருக்காங்களாம். மூணு விதமா சமைச்சது நீங்க ஒருத்தர்தானாம்."

"தப்பா நெனைக்க வேண்டாம்னு சொல்லு. அடுத்த வாரத்துலேருந்து பழையபடி போட்டுடறேன்னு சொல்லு" என்றேன். மகன் சொன்னான். சம்பந்தி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபக் கச்சேரி சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. மடக்கு நாற்காலிகள் எழுபது போட்டிருந்தார்கள். முக்கால்வாசி நிறைந்திருந்தது. வேண்டுமானால் எழுந்து போய்விடலாம் என்று நான் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். புடவைமேல் கோட்டைக் கழற்றவே இல்லை. அவர் ஒரு கிடாரோடு தனியாக வந்து நின்றார். பின்னால் யாரும் இல்லாத மேடை எனக்கே பயமாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூலின்மேல் அந்த உப்பு டப்பா. இரண்டு புதுப்பாட்டுப் பாடினார். மூன்றாவது ஆரம்பிக்கும் முன் பின்வரிசையில் ஒருவர் அந்தப் பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மகன் என் கையைப் பிடித்தான்.

சம்பந்தி வழக்கம்போல மறுக்கவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் பேச ஆரம்பித்தார். எனக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தைகள்தான், சம்பந்தி, வெண்டைக்காய். முதலில் ஒரு மூலையில் சிரித்தார்கள். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. மூன்று விரலைக் காட்டி மூன்று பதார்த்தம் என்று அவர் சொன்னபோது ஒரு கிழவர் முழங்காலைத் தட்டிக்கொண்டார். அப்புறம் அந்தப் பாட்டைப் பாடினார். காரில் கேட்ட பாட்டா இது என்று இருந்தது. டிரம் இல்லை, கத்தல் இல்லை, கிடாரை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு, பல்லவியில் சுத்தமாக "வெண்டைக்காய்" என்று பாடினார். இரண்டாவது தடவை எல்லாரையும் பாடச் சொன்னார். ஐம்பது வெள்ளைக்காரர்கள் கையை ஆட்டிக்கொண்டு வெண்டைக்காய் வெண்டைக்காய் என்று பாடுவதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்க வேண்டும். அந்த மூன்று பேருக்கு இதில் பங்கு கேட்க வழியில்லை. அவர்கள் பாட்டில் வெண்டைக்காய் கிடையாதே. இது இவருடையது.

முடித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டி, "சம்பந்தி, ப்ளீஸ்" என்றார். கதவு என் பக்கத்தில்தான் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் தனியாக நிற்கிற ஒருவரை அத்தனை பேர் முன்னால் எப்படி விட்டுவிட்டுப் போவது? எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். அவ்வளவு பேர் முன்னால் நான் நின்றது என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அடுத்து அவர் பாடினது ஒரு புதுப்பாட்டு. குரலைக் கீழே இறக்கிப் பாடுவாரே, என் கையை நிறுத்தின பாட்டு. யாரும் கத்தவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் சிப்ஸ் பொட்டலத்துக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். "கத்தி நின்னுடுச்சு" என்றேன். "என்னம்மா?" என்று மகன் குனிந்தான். "ஒண்ணுமில்ல, பாட்டைக் கேளு" என்றேன்.

அதற்கப்புறம் கிடார் மூட்டைக்குள் போகவில்லை. தனிப்பாட்டெல்லாம் சேர்த்து ஓர் ஆல்பம் போட்டார். என் கத்தியை நிறுத்தின பாட்டுகள்தான் அதில் இருக்கின்றன. பழைய நாளின் பெரிய மைதானங்கள் இல்லை. நூறு பேர், இருநூறு பேர் கொள்கிற இடங்கள். ஒவ்வோர் ஊரிலும் வெண்டைக்காய்க் கதையைச் சொல்லுவார். ஜனங்கள் வெண்டைக்காயைப் பையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்களாம். இந்தத் தடவை டெக்சஸில் பேர்லேண்ட் என்கிற ஊரில் பாடினார். அப்பாவோடு மருமகள் போய்விட்டு வந்தாள். நானும் சொன்ன சொல் தவறாமல் ஐந்து வருஷமாகப் பழையபடி வெண்டைக்காய் போட்டு வந்திருக்கிறேன். முதலில் அதை முடித்துத் தண்ணீர் குடிப்பார். நானும் இன்னொரு கரண்டி வைப்பேன்.

நேற்று டப்பாவிலிருந்து வெண்டைக்காயைத் தாம்பாளத்தில் கொட்டினபோது அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தால் தமிழ். எழுதினது இல்லை, படம் வரைகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருந்தார். மருமகள் செல்போனில் எடுத்துக் காட்ட, பார்த்துப் பார்த்து வரைந்தாராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"சம்பந்தி, எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது. அவரைக்காய் பிடிக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பன்னெண்டு வருஷம், அத்தே. அந்தக் கொழகொழ... அப்பாக்கு முடியாது. சாரி" என்றாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. வாயில் வைக்கப் பிடிக்காத ஒன்றை ஏன் போடவில்லை என்று தாழ்ந்த குரலில் கேட்டாரே மனுஷர். முதலில் முடித்துத் தண்ணீர் குடித்ததன் அர்த்தமும் இப்போதுதான் விளங்கியது. அதற்கு நான் வைத்த இன்னொரு கரண்டியை நினைத்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். மருமகளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் யாரும் இது வேண்டாம், அது போடுங்கள் என்று கேட்பதில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுச் சாப்பிடுவது சொந்த வீட்டில்தான்.

இன்று காலையில் அந்த டெக்சஸ் வெண்டைக்காயைத் துடைத்து எனக்காக நறுக்கினேன். எனக்கு அது நிரம்பப் பிடிக்கும். நறுக்கும்போது அந்தப் பல்லவி தானாக வாயில் வந்தது. சத்தமாகவே பாடியிருக்கிறேன் போல. மகன் காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்றான். நான் பாட்டையும் நிறுத்தவில்லை, கத்தியையும் நிறுத்தவில்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார். கடையில் நல்ல அவரைக்காய் வந்திருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்ல வேண்டும்.